எப்ப பிடிபடுவனோ?

படம் வரைபவர், படம் பிடிப்பவர், குரல் கொடுப்பவர், கதை எழுதுபவர் என்று தொழில் வேறு வேறாக இருந்தாலும், இம்முறை வந்த கடிதங்களில் ஒரே பயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ‘எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் எல்லாருக்கும் விளங்கிவிடும்.’ உளவளத்துணையிலும் விளம்பர, அச்சுத் தொழிலிலும் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டோம்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு வருடமாக டிசைனராக இருக்கிறேன். போன மாதம் சீனியர் ஆக்கினார்கள். அந்த அறையில் நான் ஒருத்திதான் தமிழ். ‘தமிழ் ஆள் ஒன்று வேணும்’ என்பதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் நாலு தடவை சரிபார்க்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் லப்டொப்பை மூடுவதில்லை. பாராட்டினால் வெட்கமாக இருக்கிறது. இதுதான் இம்போஸ்டர் சிண்ட்ரோமா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

முதலில் அந்தப் பெயரைப் பற்றி. ‘இம்போஸ்டர்’ என்றால் இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டி நடிப்பவர். போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1978இல் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் நன்றாகச் செய்துகொண்டிருந்த பெண்கள், தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நம்பியதைக் கண்டே எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயரில் ‘சிண்ட்ரோம்’ கிடையாது, ‘இம்போஸ்டர் தோற்றப்பாடு’ என்றுதான் இருக்கிறது. வைத்தியர்களின் நோய்ப் பட்டியல்களிலும் இது இல்லை. ஆண்களுக்கும் இது உண்டு என்பது பிறகு தெரியவந்தது. 2020இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இது 9 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொன்ன ஆய்வும் இருந்தது, 82 சதவீதம் என்று சொன்ன ஆய்வும் இருந்தது. எந்தக் கேள்வித்தாளால் அளந்தார்கள், எந்தப் புள்ளியில் கோடு போட்டார்கள் என்பதில் வரும் வித்தியாசம் அது. ஆகவே ‘பத்தில் ஏழு பேருக்கு உண்டு’ என்று பேஸ்புக்கில் வரும் வரிகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல்படவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நாங்கள் பார்ப்பது மாடு சுற்றிச் சுற்றி வருகிற ஒரு செக்கு. வேலை வருகிறது, பயம் வருகிறது, நாலு தடவை பார்க்கிறீர்கள், வேலை சரியாக முடிகிறது. உடனே மனம் ‘நாலு தடவை பார்த்தபடியால்தான் தப்பினேன்’ என்று எழுதிக்கொள்கிறது. திறமையின் பக்கத்தில் ஒரு புள்ளியும் ஏறுவதில்லை. அடுத்த முறை ஐந்து தடவை பார்ப்பீர்கள். இதே செக்கில் மறுபக்கமாகச் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். கடைசி இரவு வரை தள்ளிப்போட்டு முடித்துவிட்டு, ‘அதிர்ஷ்டம்’ என்பார்கள். இரண்டிலும் எவ்வளவு வென்றாலும் நம்பிக்கை கூடாது.

இதை உடைக்க ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலு தடவைக்குப் பதிலாக ஒரே தடவை, ஆனால் எழுதிய பட்டியலோடு. தமிழ் ஆர்ட்வேர்க்குக்கு அந்தப் பட்டியல் ஏறத்தாழ இப்படி இருக்கும். வந்த எழுத்து பாமினியா (பழைய தமிழ் எழுத்துரு) யுனிகோடா (இன்றைய பொது எழுத்து முறை) என்று முதலில் பாருங்கள். பாமினியில் அடித்ததை யுனிகோட் எழுத்துருவில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும், அதனால் மாற்றி எடுத்த பிறகே வடிவமைப்பில் கைவையுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பந்தி அமைப்பை ‘வேர்ல்ட்-ரெடி’ கொம்போசருக்கு மாற்றியிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், ‘கொ’வின் கொம்பும் அரவும் தனித்தனியாகக் கழன்றுவிடும். சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கு இது கண்ணில் படாது, அப்படியே பதாகையில் ஏறிவிடும். அடுத்தது ன-ண, ல-ள-ழ, ர-ற. பிறகு வரி உடையும் இடங்கள்: தமிழ் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் பெட்டிக்குள் அடக்க எழுத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள், அல்லது ‘விற்பனைக்கு’ என்ற சொல்லை நடுவில் முறித்திருப்பார்கள். அதன்பின் விலை, திகதி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் மூலப் பிரதியோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். கடைசியாக அச்சு வேலை: சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டு இடம், நிறம் சிஎம்வைகே (அச்சின் நான்கு மை முறை), எழுத்துகள் அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்). எழுத்தைத் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வேறாக வைத்த பிறகே அவுட்லைன் ஆக்குங்கள்.

இப்படிப் பத்து வேலைகள் செய்யுங்கள். வேலை போன பிறகு வெளியே தெரிந்த பிழைகளை மட்டும் குறித்துவையுங்கள். முன்னர் நாலு தடவை பார்த்தபோது தப்பிய அளவுதான் இப்போதும் தப்புகிறதென்றால், மிச்சம் மூன்று தடவையும் பயத்துக்குக் கொடுத்த நேரம். அதைவிடக் கூடத் தப்பினால், என்ன தப்பியது என்று பார்த்துப் பட்டியலில் ஒரு வரி கூட்டுங்கள்.

இனி அந்தத் ‘தமிழ் ஆள்’ விஷயம். அது உண்மையாகவே இருக்கட்டும். கொழும்பில் மும்மொழி விளம்பரம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் யோசித்து, சிங்களத்தில் மெருகேற்றி, கடைசி நாள் பின்னேரம் ஐந்து மணிக்குத் தமிழுக்கு அனுப்புவார்கள். அங்கே பிழை வந்தால் அது உங்கள் திறமைக் குறைவல்ல, கால அட்டவணையின் குறை. வேலைத் தாளில் தமிழுக்கு இரண்டு வேலை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் தமிழ் வேலையை மதிப்பிடக்கூடியவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. ‘நல்லாயிருக்கு’ என்பவருக்கு அதை வாசிக்கவே தெரியாது. அப்படியிருக்க, பாராட்டு எப்படி மனதில் தங்கும்? ஆகவே வெளியே ஆள் தேடுங்கள். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருப்பவர், ஒப்புநோக்குநர், இன்னொரு நிறுவனத்துத் தமிழ் டிசைனர் என்று இரண்டு பேர் போதும். மாதம் ஒருமுறை மூன்று வேலைகளைக் காட்டி, ‘இதில் எதை மாற்றுவீர்கள்?’ என்று கேளுங்கள்.

ஒரு வேலைக் கொப்பியும் வைத்திருங்கள். வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிடம், வேலை ஒன்றுக்கு நாலு வரி: என்ன கேட்டார்கள், நான் என்ன முடிவெடுத்தேன், அதனால் என்ன மாறியது, அடுத்த முறைக்கு என்ன. ‘நான் கெட்டிக்காரி’ என்று கண்ணாடி முன் சொல்லும் பயிற்சிகளில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. மனம் அதற்கு உடனே எதிர்வாதம் கண்டுபிடித்துவிடும். ‘12ஆம் திகதி விலைப் பட்டியலில் ஒரு பூச்சியம் கூடியிருந்ததைக் கண்டுபிடித்தேன்’ என்ற வரிக்கு எதிர்வாதம் கிடையாது. பாராட்டு வரும்போதும் அதே முறைதான். ‘நன்றி. அந்தத் தலைப்பை இரண்டு வரியாக உடைத்ததுதான் கஷ்டமாக இருந்தது’ என்று ஒரு நன்றியும் ஒரு தகவலும் சொல்லுங்கள். ‘ஐயோ, அது ஒண்டுமில்லை’ வேண்டாம்.

ஐந்து வருடமாகக் கலியாணப் படம் எடுக்கிறேன். வேலை நிறைய வருகிறது, கையில் காசு நிற்பதில்லை. விலை கேட்டால் 85,000 என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாய் திறக்க முன்னமே ‘பார்த்துச் செய்து தரலாம்’ என்கிறேன். என்னைவிட நன்றாக எடுப்பவர்கள் இருக்கும்போது கூடக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றுகிறது.
– கொட்டாஞ்சேனை வாசகர்

விலை என்பது பரீட்சைப் புள்ளி இல்லை, தம்பி. அது செலவுக் கணக்கு. கொப்பியை எடுங்கள். கீழே வருபவை உதாரண எண்கள், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 110,000 ரூபா. கமராவும் லென்சுகளும் 9 இலட்சம், நாலு வருடத்தில் மாற்றவேண்டி வரும் என்றால் 48ஆல் பிரியுங்கள்: 18,750. இணையம், போன், மென்பொருள், மின்சாரம் 16,250. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் அவர் 8 சதவீதம் போட முதலாளி 12 சதவீதம் போடுகிறார். உங்களுக்குப் போட ஆள் இல்லை, சேமிப்புக்கென்று 25,000 வையுங்கள். பழுதுபார்ப்புக்கு 10,000. மொத்தம் 180,000.

மாதம் 160 மணித்தியாலம் வேலை செய்தாலும் அத்தனைக்கும் கூலி வராது. வட்ஸ்அப்பில் பதில் எழுதுவது, பாக்கிக் காசுக்கு அலைவது, இன்ஸ்டகிராமில் போடுவது எல்லாம் போனால் 90 மிஞ்சும். 180,000ஐ 90ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 2,000.

இனி ஒரு கலியாணம்: சந்திப்பு 3 மணித்தியாலம், எடுப்பது 11, தெரிவு 5, நிறத் திருத்தம் 20, அல்பம் அடுக்குவது 7, மாற்றங்களும் ஒப்படைப்பும் 4. ஆக 50, அதாவது 100,000 ரூபா. கைச்செலவு: உதவியாளர் 20,000, அல்பம் அச்சு 40,000, போக்குவரத்து 5,000. மொத்தம் 165,000. நீங்கள் வாங்குவதோ 85,000. கைச்செலவு 65,000 போக உங்களுக்கு 20,000. மணித்தியாலத்துக்கு 400 ரூபா, கமராத் தேய்மானமும் அதற்குள்ளேதான்!

இந்தக் கணக்கைச் செய்த பிறகும் வாய் நடுங்கும். ஆகவே வாயால் விலை சொல்வதை நிறுத்துங்கள். ‘திகதியையும் மண்டபத்தையும் அனுப்புங்கோ, நாளைக்கு எழுதித் தாறன்’ என்பதோடு நிற்கட்டும். மூன்று பொதிகளாக எழுதுங்கள். குறைக்கச் சொன்னால் விலையை மட்டும் குறைக்காமல் பொருளையும் குறையுங்கள்: இரண்டாவது கமராவை விட்டுவிடலாம், அல்பத்தின் பக்கங்களைக் குறைக்கலாம், முதல்நாள் பொன்னுருக்கலை விடலாம். திகதியை ஒதுக்கப் பாதி முற்பணம், மிச்சம் அல்பம் அச்சுக்குப் போக முதல். ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் அடுத்த மூன்று வேலைகளில் 110,000, 135,000, 165,000 என்று ஏறுங்கள். விலை அனுப்பிய பத்துப் பேரும் உடனே சம்மதித்தால் இன்னும் குறைவாகக் கேட்கிறீர்கள். பத்துப் பேரும் போய்விட்டால், காட்டும் படங்கள் அந்த விலைக்குப் பொருந்தவில்லை, அல்லது கேட்டு வருபவர்கள் வேறு விலையைத் தேடுபவர்கள்.

‘என்னைவிட நன்றாக எடுப்பவர்’ எப்போதும் இருப்பார். அவர் எதில் கூட என்று குறித்துக் கேளுங்கள். உங்கள் படங்களில் மோசமான இருபதை எடுத்துக் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள்தான் திரும்ப வரும். மண்டபத்தின் மஞ்சள் பல்பும் மேடையின் வெள்ளை எல்ஈடியும் கலந்து முகங்கள் பச்சையடிக்கும். ஓமப் புகையில் தன்னியக்கக் குவியம் பிடிபடாமல் ஓடும். கெட்டிமேளம் கேட்டதும் மாமாமார் முன்னால் வந்து மறைக்க, தாலி கட்டுகிற பத்து விநாடியும் போய்விடும். முதலாவதற்கு மேடை விளக்குக்கு வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டலாம், இரண்டாவதற்குக் கையால் குவியம் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவதற்கு ஐயரிடம் முன்கூட்டியே கதைத்து மணவறையின் பக்கவாட்டில் ஒரு கதிரை உயரத்தில் உதவியாளரை நிறுத்தலாம். ‘நான் சரியில்லை’ என்பதற்கு இப்படி ஒரு வைத்தியமும் கிடையாது.

பன்னிரண்டு சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றையும் எங்கும் அனுப்பவில்லை. திரும்ப வாசிக்கும்போதெல்லாம் முதல் பந்தியே பிடிக்காமல் போகிறது. நான் எழுத்தாளராக நடிக்கிறேனா?
– தெகிவளை வாசகி

உங்கள் முதல் பந்தி முப்பது தடவை திருத்தப்பட்டிருக்கும், கடைசிப் பந்தி ஒரு தடவைகூட இல்லை. திருத்த உட்காரும்போதெல்லாம் மேலிருந்து தொடங்குவதால் வருவது இது. களைப்பு வரும்போது மூன்றாம் பக்கத்தில் நிற்பீர்கள். தலை பளபளக்க, வால் பச்சையாகக் கிடக்கும், கதை முழுவதும் சரியில்லை என்ற எண்ணம் வரும். அடுத்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முடிவு படியும்வரை முதல் பந்தியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு மாறினால் முதல் பந்தி எப்படியும் மாறத்தான் போகிறது.

அதன்பின் சத்தமாக வாசித்துப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பாத்திரங்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்கிறார்களா என்பது கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது.

பிறகு மூன்று வாசகர்கள். வீட்டாரும் உயிர்த் தோழியும் வேண்டாம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லாயிருக்கு’ என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. இதைக் கேளுங்கள்: எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்த நினைத்தீர்கள்? எது விளங்கவில்லை? அடுத்த நாள் எது ஞாபகம் இருந்தது? மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் யோசியுங்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வாசகர்களைத் தேட வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் நல்ல இடம். நூலகமும் இருக்கிறது, இலக்கியக் கூட்டங்களும் நடக்கும். வெளியீட்டு மேடையில் சொல்லப்படுவதை மட்டும் விமர்சனம் என்று எடுத்துவிடாதீர்கள். அது பொன்னாடையோடு போகிற விஷயம். கூட்டம் கலைந்த பிறகு தேநீர் மேசையடியில்தான் உண்மையான கதை நடக்கும்.

அனுப்புவதற்கு ஒரு தாள் போதும்: கதை, எங்கே, என்று, என்ன பதில். இதழ் தன் கால எல்லையைச் சொல்லியிருந்தால் அதன்படி, சொல்லாவிட்டால் மூன்று மாதம் பொறுத்து விசாரித்துவிட்டு அடுத்த இடம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். திரும்பி வந்தால் அதில் பெரிய சேதியைத் தேட வேண்டாம். பக்கம் போதாமல் இருந்திருக்கலாம், அதே பொருளில் வேறு கதை எடுத்திருக்கலாம். மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்த கதையைத் திரும்ப வாசியுங்கள், அதற்கு முன் வேண்டாம். பன்னிரண்டில் எதை முதலில் அனுப்புவது என்று யோசித்து இன்னொரு வருடம் போகவும் கூடும், ஆகவே ஆகப் பிந்தி எழுதியதை அனுப்புங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். யூடியூப் பார்த்து அனிமேஷன் பழகி, இப்போது அதுதான் தொழில். கூட இருப்பவர்களெல்லாம் டிசைன் பட்டதாரிகள். கூட்டங்களில் வாய் திறக்கப் பயம்.
– வத்தளை வாசகர்

ஜெப்ரி பாவா முதலில் சட்டத்தரணி. கட்டடக் கலைஞராகத் தகுதிபெற்றது 1957இல், 38 வயதில். பிறகு ஒழுங்கை வீடுகள் நாலை ஒன்றாக்கித் தனக்கென்று கட்டிய வீடு இன்றும் கொள்ளுப்பிட்டி 33ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. இதைப் ‘படிப்புத் தேவையில்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அவர் லண்டனுக்குப் போய் முறையாகப் படித்துவிட்டுத்தான் வந்தார். பிந்தித் தொடங்கலாம், ஆனால் இடைவெளியை நிரப்பத்தான் வேண்டும்.

எல்லாச் சந்தேகமும் பொய்யில்லை என்பதையும் சொல்லவேண்டும். டன்னிங், குரூகர் என்ற இருவர் 1999இல் காட்டியது போல, ஆகக் குறைவாகத் தெரிந்தவர்கள்தான் தங்களை மிகவும் கூட மதிப்பிட்டார்கள். சந்தேகமே வராதவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். உங்கள் சந்தேகத்தில் எது தகவல், எது வெறும் பயம் என்று பிரியுங்கள். நீங்கள் விரும்பும் பதவிக்கான பத்து வேலை விளம்பரங்களைச் சேர்த்து, திரும்பத் திரும்பக் கேட்கும் திறன்களை எழுதி, பக்கத்தில் மூன்று நிரல் போடுங்கள்: தனியே செய்வேன், கேட்டுக் கேட்டுச் செய்வேன், தெரியாது. மூன்றாம் நிரலில் அநேகமாக நாலைந்துதான் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்று எடுங்கள். எடுத்ததைச் சிறிய, முடிக்கக்கூடிய வேலையாக்குங்கள். பாரம் தெரியும்படி நடையை அசைப்பதென்றால், விநாடிக்கு 24 ஃபிரேமில், இரண்டு ஃபிரேமுக்கு ஒரு வரைபடமாக, ஒரு நடைச் சுற்றுக்குப் பன்னிரண்டு படம். முதலில் வெறுங்கையோடு நடப்பவர், அடுத்து அரிசி மூட்டையோடு நடப்பவர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குறை தானாகத் தெரியும்.

கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். ‘இது எந்தத் திரையில் ஓடப்போகுது?’ போதும். நேரம் போகப்போக வாய் இன்னும் இறுகும். ஒரு சொல் தெரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். மூன்று மாதம் தலையாட்டிவிட்டுக் கேட்பதுதான் கஷ்டம். மற்றவர்களின் ஷோரீல் பார்த்துச் சோர்வதும் வேண்டாம், அது அவர்களுடைய ஒரு வருடத்தின் ஆகச் சிறந்த ஒரு நிமிடம். உங்கள் இன்றைய வேலையைப் போன வருடத்துக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

வானொலி விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். கலையகத்தில் சிவப்பு லைட் எரிந்ததும் நெஞ்சு அடித்து வாய் காய்கிறது. இன்னொரு கலைஞர் ஒரு மாத்திரை சொன்னார்.
– பம்பலப்பிட்டி

மாத்திரையை முதலில் பேசுவோம். மேடைப் பயத்துக்கென்று கைமாறுபவை பெரும்பாலும் புரொப்ரனோலோல் வகை. அது இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து, இரத்த அழுத்தம் குறைந்தவருக்கும் சரிவராது. வைத்தியர் எழுதாமல், அடுத்தவர் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

பதிவுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பிருந்து பிளேன்ரீயும் கோப்பியும் விட்டுவிடுங்கள், இரண்டுமே படபடப்பைக் கூட்டும். சாதாரண வெப்பநிலையில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஐந்து நிமிடம் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது துடிப்பு இறங்கும். ‘அமைதியாக இரு’ என்று உங்களையே அதட்டாதீர்கள், அடிக்கிற நெஞ்சு அதைக் கேட்காது. ‘உசாராக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது அதைவிட உதவும். 2014இல் வெளியான ஆய்வொன்றில் பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் அப்படிச் சொன்னவர்கள் கூடுதல் நன்றாகச் செய்தார்கள். முதல் ‘டேக்’ கழிப்பதற்கு என்று ஒலிப்பதிவாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவர் அதையும் பதியட்டும், சிலவேளை அதுவே ஆகச் சிறந்ததாக இருக்கும்.

சாட்ஜிபிடியிடம் எழுதுவித்துத் திருத்திக் கொடுக்கிறேன். பாராட்டு வரும்போது கள்ளம் செய்கிற மாதிரி இருக்கிறது.
– மட்டக்குளி

மற்றக் கடிதங்களுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லமாட்டோம். இந்த உறுத்தலில் ஏதோ உண்மை இருக்கிறது. இரண்டு பரிசோதனை: கொடுத்த பிரதியில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் காரணம் சொல்ல முடியுமா? வாடிக்கையாளர் கேட்டால் எப்படிச் செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்வீர்களா? இரண்டுக்கும் ஓம் என்றால் அது உங்களுக்கு ஒரு கருவி. இல்லையென்றால் மாதம் ஒரு வேலையை அது இல்லாமல் முழுக்க எழுதுங்கள், சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதாக ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள். அதன் தமிழில் கிடக்கும் ஆங்கில வாடையை நீங்கள் கண்டுபிடித்துத் திருத்துகிறீர்கள் என்றால் அதுவும் திறன்தான். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓவியங்களில் கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது.
– மருதானை

போடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். உங்கள் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் அதில் ஓர் உரிமை. சம்பளத்துக்கோ கட்டளைக்கோ வரைந்தால் காசு உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தம் தீர்க்கும், கையொப்பமிட முன் அந்தப் பந்தியை வாசியுங்கள். கூச்சம் போக, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடக்கும் கலா பொல தெருச் சந்தைக்கு முதலில் பார்வையாளராகப் போங்கள். அடுத்த தடவை விண்ணப்பியுங்கள். ஒரு பகல் முழுக்க உங்கள் படத்தின் பக்கத்தில் நின்று, முன்பின் தெரியாதவர்கள் எதன் முன்னால் நிற்கிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்று பார்த்தால் நிறையத் தெரியவரும்.

மகன் இசையமைக்கிறான். ஒரு வேலை கைவிட்டுப் போனதிலிருந்து ஒரு மாதமாக அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடும் நித்திரையும் இல்லை. ‘நீ கெட்டிக்காரன்’ என்று எவ்வளவு சொல்லியும் கேட்கிறானில்லை.
– ஒரு தாய், வெள்ளவத்தை

அம்மா, இதை வெறும் தன்னம்பிக்கைக் குறைவு என்று விடவேண்டாம். மனச்சோர்வும் விருப்பமின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நாள்தோறும் நீடித்து, நித்திரையையும் பசியையும் குழப்பினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். உங்கள் குடும்ப வைத்தியரிடமிருந்தே தொடங்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, வேறொரு உளவளத்துணைச் சேவையின் இலக்கம் 1333. நீங்களே எடுத்து, எப்படி அவனோடு கதைப்பது என்றும் கேட்கலாம். ‘நான் இல்லாட்டி நல்லது’ என்பது மாதிரி ஏதும் சொன்னானா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் அவனைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கெட்டிக்காரன் என்று சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவன் அதை மறுக்கவேண்டி வருகிறது. தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்து, ‘அந்தப் பாட்டில் வயலின் வாற இடத்தை ஒருக்கா போடு, கேக்கவேணும் போல இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். போடாவிட்டாலும் எழும்பிப் போகாதீர்கள்.